உவர் வயலுக்கு மொட்டைக்கறுப்பன்: டீ.என்.ஏ. பார்த்து இனம் உருவாக்குவது எங்களுக்குச் சரிவருமா?

நாவற்குழியான்:

வணக்கம். கமம் செய்கிறவர்களும் உயிரியல் படித்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வயல் நாவற்குழிப் பக்கம், உப்பாற்றுக் கடல்நீரேரிக்குக் கிட்ட. மேட்டுப் பக்கம் நல்ல மண், ஏரிப் பக்கமாக இறங்க இறங்க உவர். அப்பா காலபோகம் மட்டும் விதைப்பார், மழையை நம்பிய விதைப்புத்தான், வேறு தண்ணீர் இல்லை. 2000-இல் தென்மராட்சியை விட்டு இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது ஏரிப் பக்க வரம்பெல்லாம் கரைந்து கிடந்தது, அதற்குப் பிறகுதான் உவர் இவ்வளவு தூரம் உள்ளே ஏறியது என்று அவர் சொல்வார். போன போகம் கடைசி இரண்டு வயலிலும் கதிர் வந்தது, ஆனால் தலை சாயவே இல்லை. அரிவு வெட்டு நேரம் ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் வைத்து ஊதினேன். பாதிக்கு மேல் சப்பி, பறந்து போய்விட்டது. அப்பா பக்கத்தில்தான் நின்றார், ஒன்றும் கதைக்கவில்லை.

உவர் தாங்கும் இனம் இருக்கிறது, மாற்றிப் போடுங்கள் என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் எங்கள் வீட்டில் மொட்டைக்கறுப்பன் என்ற பழைய சிவப்பரிசி நெல்தான். அம்மா அதில்தான் சோறு ஆக்குவார், அதை இடித்துத்தான் புட்டு அவிப்பார். விற்பதற்காக விதைப்பதில்லை, சாப்பிடத்தான் விதைக்கிறோம், அதனால் இனத்தை மாற்றுவது என்றால் சாப்பாட்டையே மாற்றுவது போல.

மச்சாளின் மகள் கம்பஸில் படிக்கிறாள். ஒரு நெல்லில் இருக்கிற உவர் தாங்கும் குணத்தை மட்டும் எடுத்து இன்னொரு நெல்லுக்குக் கொண்டுபோகலாம், அந்த நெல்லின் மற்றக் குணங்கள் அப்படியே இருக்கும், இப்போது அதற்கு மூலக்கூற்று உயிரியல் முறைகள் இருக்கின்றன என்று அவள் சொன்னாள். உண்மையா? மரபணு மாற்றிய பயிர் என்று கதைக்கிறார்களே, அதுதானா இது? மொட்டைக்கறுப்பனுக்கு இப்படிச் செய்தால் எத்தனை வருடம் எடுக்கும்? அதுவரைக்கும் அப்பா என்ன செய்வது?

கண்ணாடிக்கூடம்:

தம்பி, உங்கள் கேள்வியைப் பார்த்ததும் வேலையை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். நெல்லும் உவரும்தான் என் மாஸ்டர்ஸ் ஆராய்ச்சி, இரண்டு வருடம் உப்புத் தண்ணீரில் நாற்று மிதக்கவிட்டவன் நான்.

முதலில் அந்தப் பிள்ளை சொன்னது சரி. இதற்குப் பெயர் மார்க்கர் உதவியுடன் பிற்கலப்புச் செய்வது. மார்க்கர் என்றால் நாங்கள் தேடுகிற துண்டு டீ.என்.ஏ.யில் இருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும் அடையாளம். வேறு உயிரினத்தின் பரம்பரை அலகை, அதாவது மரபணுவை, கொண்டுவந்து செருகுகிற வேலை இல்லை. நெல்லுக்கும் நெல்லுக்கும்தான் கலப்பு, பூவில் மகரந்தம் தட்டுகிற பழைய முறையேதான். எந்த நாற்றை வைத்துக்கொள்வது, எதைப் பிடுங்கி எறிவது என்பதைக் கண்ணால் பார்க்காமல் டீ.என்.ஏ. பார்த்து முடிவு செய்கிறோம், புதிது அது மட்டும்தான்.

கேரளக் கரையோரத்தில் பொக்காளி என்று ஒரு நெல் இருக்கிறது. கடல் தண்ணீர் ஏறி இறங்கும் நிலத்தில் மழைக்காலம் நெல், மழை விட்டபிறகு அதே வயலில் இறால் என்று அங்கே செய்வார்கள். உவர் தாங்குவதில் உலகம் முழுக்க இந்த நெல்லைத்தான் முன்மாதிரியாக வைத்திருக்கிறார்கள். அரிசியும் சிவப்பு, எங்களுக்கு அது நல்லதுதான். ஆனால் ஆள் உயரம், காற்றடித்தால் சாயும், விளைச்சல் குறைவு. இதை மொட்டைக்கறுப்பனுடன் ஒருமுறை கலந்தால் வருகிற பிள்ளையில் பாதி பொக்காளி. அந்தப் பிள்ளையைத் திரும்ப மொட்டைக்கறுப்பனுடன் கலந்தால் சராசரியாக முக்கால்வாசி மொட்டைக்கறுப்பன். இன்னொருமுறை கலந்தால் 87.5 வீதம், மூன்றாவது முறை ஏறக்குறைய 94 வீதம். சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு முறையும் பாதி நாற்றுகளில் உவர் தாங்கும் துண்டு தவறிப் போய்விடும், அது எந்தப் பாதி என்று வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது. முந்தி அதற்காக ஒவ்வொரு தலைமுறையையும் உவரில் வளர்த்து, செத்தது போக மிஞ்சியதை வைத்துத்தான் தொடர்ந்தார்கள். இப்போது நாற்று மூன்று இலை விட்டதும் நகத்தளவு இலை நுனியைக் கிள்ளி, அரைத்து, டீ.என்.ஏ. எடுத்து, கொரோனாக் காலத்தில் எல்லோருக்கும் தெரியவந்த அதே பீ.சீ.ஆர். இயந்திரத்தில் போட்டால், பின்னேரத்துக்குள் எந்த நாற்றில் துண்டு இருக்கிறது, எதில் இல்லை என்று தெரிந்துவிடும். அதோடு டீ.என்.ஏ. பொதிந்திருக்கும் நிறமூர்த்தங்கள் மற்றப் பதினொன்றிலும் மார்க்கர் பார்த்தால், பாதி நாற்றுக்குள்ளும் எது மொட்டைக்கறுப்பனுக்குக் கிட்ட வந்திருக்கிறது என்று தெரியும். நாலு தலைமுறையில் வருவதை இரண்டு மூன்றில் எட்டலாம்.

அந்தத் துண்டு நெல்லின் முதலாவது நிறமூர்த்தத்தில் இருக்கிறது, சால்ற்றோல் என்று பெயர். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பொக்காளியை உவர் தாங்காத ஐ.ஆர். 29 என்ற இனத்துடன் கலந்து எஃப்.எல். 478 என்று ஒரு வழியை எடுத்தார்கள், பொக்காளியைவிடக் கட்டை, இப்போது பெரும்பாலும் கலப்புக்கு அதைத்தான் எடுக்கிறார்கள். அந்தத் துண்டு என்ன செய்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். வேர் உறிஞ்சும் தண்ணீரோடு சோடியமும் தண்ணீரை மேலே கொண்டுபோகும் குழாயான காழ்க்கலனுக்குள் ஏறி இலைக்குப் போகும். இலை தண்ணீரை ஆவியாக விட்டுவிடும், சோடியம் அங்கேயே தேங்கும், இலை நுனி முதலில் வெளுக்கும், பிறகு சுருளும், கருகும். சால்ற்றோல் இருக்கிற பகுதியிலேயே ஒரு பரம்பரை அலகு இருக்கிறது, 2005-இல் அடையாளம் கண்டார்கள். அது உருவாக்கும் புரதம் காழுக்குப் பக்கத்துக் கலங்களில் நின்று, மேலே போகிற சோடியத்தைக் காழில் இருந்து திருப்பி எடுத்துவிடும். இலைக்குப் பொற்றாசியம் போகும், சோடியம் குறைவாகத்தான் போகும். படலையில் நின்று ஆள் பார்த்து உள்ளே விடுகிற மாதிரி.

நாங்கள் சோதிக்கும் விதத்தையும் சொல்கிறேன். ரெஜிபோம் தகட்டில் வரிசையாகத் துளை, அடியில் நைலோன் வலை, துளைக்குள் முளைவிட்ட நெல், கீழே தட்டில் ஊட்டத் தண்ணீர். நாற்று நின்றதும் உப்புப் போட்டு மீட்டரில் 12 டெசிசீமன் வரைக்கும் ஏற்றுவோம், டெசிசீமன் என்பது உவரை அளக்கும் அளவை, கடல் தண்ணீர் ஏறக்குறைய 50, அதில் கால்வாசி என்று வையுங்கள். இரண்டு கிழமைக்குக் கிட்ட ஐ.ஆர். 29 வரிசை வைக்கோல் நிறத்தில் கிடக்கும், பக்கத்து வரிசைப் பொக்காளி நுனி மட்டும் சுருண்டு பச்சையாக நிற்கும். ஒரே தண்ணீர், இடையில் இரண்டு விரல் தூரம். முதல்தரம் அதைப் பார்த்த அன்றைக்கு நான் வீட்டுக்குப் பிந்தித்தான் போனேன்.

இனி உங்களிடம் ஒரு கேள்வி, எல்லாம் இதில்தான் தங்கியிருக்கிறது. உங்கள் வயலில் உவர் பயிரைப் பிடிப்பது எந்தப் பருவத்தில்? நாற்றாக இருக்கும்போதா, கதிர் வரும்போதா? நெல் முளைக்கும்போது உவரைத் தாங்கும், நாற்றுப் பருவத்தில் தாங்காது, பக்கத்தில் கிளைத்து மட்டம் வெடிக்கும்போது மறுபடி தாங்கும், கதிர் உருவாகிப் பூக்கும்போது திரும்பவும் தாங்காது. சால்ற்றோல் உதவுவது நாற்றுப் பருவத்துக்கு. நீங்கள் சொல்கிற சப்பி வேறு கதை போலத் தெரிகிறது.

வரம்புக்கட்டு:

தம்பி, நான் விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், தென்மராட்சி வயல்களில் சைக்கிளில் திரிந்த காலம் அதிகம். மேலே எழுதியவர் சொன்ன விஞ்ஞானத்தில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, நன்றாக விளங்கப்படுத்தியிருக்கிறார். ஆனால் அப்பா இந்தக் காலபோகத்துக்கு விதைக்க வேண்டும், அதைப் பற்றி நான் எழுதுகிறேன்.

மண்ணின் உவர் 3 டெசிசீமனைத் தாண்டினால் நெல் விளைச்சல் இறங்கத் தொடங்கும், அதற்கு மேல் ஒவ்வொரு டெசிசீமனுக்கும் ஏறக்குறைய 12 வீதம் போகும். இந்தக் கணக்கை வைத்துப் பாருங்கள். 7-இல் நிற்கிற வயலை நல்ல தண்ணீரால் கழுவி 5-க்குக் கொண்டுவந்தால் கால்வாசி விளைச்சல் திரும்பிவிடும், எந்த இனமாக இருந்தாலும். அந்தக் கழுவுகிற தண்ணீர் ஐப்பசி மழைதான், வேறு எங்கே போவது. முதல் மழைக்கு வரம்பைக் கட்டித் தண்ணீரை நிறுத்தி, இரண்டு நாள் ஊறவிட்டு, வாய்க்காலைத் திறந்து ஏரிப் பக்கம் வடியவிட வேண்டும். திரும்ப ஒருமுறை. கடைசி இரண்டு வயலுக்கும் காய்ந்த மண்ணில் விதைக்கிற புழுதி விதைப்பு வேண்டாம், அந்த நெல் முளைத்துக் குருத்து விடும்போதே உவர் மேலே நிற்கும். மேட்டு வயலில் நாற்றுப் போட்டு, ஒரு மாதம் தாண்டிய நாற்றாகப் பிடுங்கி, ஒரு இடத்தில் நாலைந்தாகச் சேர்த்துக் கீழே நடுங்கள். நாற்றுப் பருவம் நல்ல மண்ணில் கழிந்துவிடும். கூலி கூடும், தெரியும், இரண்டு வயலுக்கு மட்டும்தானே. ஜிப்சம் போடச் சொல்லி யாராவது சொன்னால், மண்ணைச் சோதித்துப் பார்த்த பிறகு போடலாம் என்று சொல்லுங்கள். கடல் உப்புக்கு முதல் வைத்தியம் கழுவி வடிப்பது.

வடிய இடம் வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணை கட்டியதே கடல் தண்ணீர் உள்ளே வராமல் தடுத்து, மழைத் தண்ணீரைத் தேக்கி, ஏரியை மெல்ல மெல்ல நன்னீராக்கத்தான். கதவு ஒழுங்காக நின்றால் உங்கள் வயலின் மீட்டர் தானாக இறங்கும். நல்ல இனம் வந்தாலும் கதவு உடைந்து கிடந்தால் அந்த இனமும் களைத்துப் போகும். கமக்கார அமைப்புக் கூட்டத்தில் இதை விடாமல் கேளுங்கள்.

இனத்தைப் பற்றி ஒன்று. உவர் தாங்கும் ஏ.ரி. 354 என்று இருக்கிறது, அம்பலாந்தோட்டையில் எடுத்த இனம், அதனால்தான் ஏ.ரி., எண் 350-இல் தொடங்குவதால் மூன்றரை மாதம். அதுவும் பொக்காளி வழி வந்ததுதான், டீ.என்.ஏ. பார்க்காத காலத்தில் கலந்து, வயலில் நின்று தெரிந்தெடுத்தது. வீட்டுக்கு மொட்டைக்கறுப்பனை மேட்டில் போடுங்கள், கடைசி வயலில் ஒரு கீற்று ஏ.ரி. 354 போட்டுப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணால் பார்த்தால்தான் அப்பாவுக்கு நம்பிக்கை வரும்.

விதையை மட்டும் தெரிந்த இடத்தில் வாங்குங்கள். ஒருமுறை ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், உவருக்கு என்று மூட்டை மூட்டையாக விதைநெல் கொண்டுவந்து கொடுத்தது. வயலில் கதிர் வந்தபோது பார்த்தால் மூன்று உயரம், இரண்டு நிறம். அந்தப் போகம் முழுக்க நான் சனத்துக்கு முகம் கொடுக்க முடியாமல் திரிந்தேன். நான்தானே அவர்களுக்குச் சொல்லிப் போடவைத்தவன்.

கண்ணாடிக்கூடம்:

ஐயா, அந்த மூட்டையில் இருந்து ஒரு கைப்பிடி நெல்லை முளைக்கவைத்து மார்க்கர் பார்த்திருந்தால் ஒரு கிழமையில் கலப்படம் தெரிந்திருக்கும். புது இனம் உருவாக்குவதைவிட இந்தத் தூய்மைச் சோதனைதான் எங்கள் ஊருக்கு முதலில் உதவும் என்று நான் நினைக்கிறேன். நாற்றை மேட்டில் வளர்த்து நடச் சொன்னீர்களே, சால்ற்றோல் செய்கிற வேலையில் பெரும்பகுதி அதிலேயே முடிந்துவிடும்.

பரந்தன் வாய்க்கால்:

உவருக்கு மட்டுமா? எங்கள் பக்கம் கார்த்திகையில் விதைத்து இரண்டு கிழமையில் வெள்ளம் வந்து பயிர் முழுக்க மூடிவிடும். 2008 நிஷா, 2020 புரெவி, 2024 ஃபெங்கல், ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு வீட்டில் இருக்கிறது. வெள்ளத்துக்கு ஒரு மார்க்கர் நெல் இந்தியாவில் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கண்ணாடிக்கூடம்:

ஓம் அண்ணா, சப்-1. இந்த முறை பலன் கொடுக்கும் என்று உலகத்துக்குக் காட்டியதே அதுதான். ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற பழைய நெல்லில் இருந்து வந்த குணம், ஒன்பதாவது நிறமூர்த்தம், அலகை 2006-இல் கண்டுபிடித்தார்கள். சாதாரண நெல் மூழ்கினால் தலையை வெளியே நீட்ட அவசரமாக வளரும், இருக்கிற மாப்பொருளை அதிலேயே செலவழித்துவிடும், வெள்ளம் வடிந்ததும் எழும்பச் சக்தி இருக்காது. சப்-1 உள்ள நெல் மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்திச் சும்மா இருக்கும், இரண்டு கிழமை வரைக்கும் தாங்கும், தண்ணீர் இறங்கியதும் மீண்டும் துளிர்க்கும். இந்தியாவில் எல்லோருக்கும் பழக்கமான சுவர்ணா என்ற இனத்துக்குள் அதைப் பிற்கலப்பால் ஏற்றி 2009-இல் வெளியிட்டார்கள், சாப்பிடுகிறவர்களுக்கு அரிசி பழைய சுவர்ணாதான். மொட்டைக்கறுப்பனுக்கும் இப்படிச் செய்யலாம் என்று சொல்ல எனக்குத் துணிவு தருவது இந்த உதாரணம்தான்.

ஆனால் இதிலும் பருவம் பார்க்க வேண்டும். சப்-1 நின்ற பயிர் மூழ்குவதற்கு. விதைத்த அன்றே மழை கொட்டி நெல் முளைக்க முன்னமே தண்ணீருக்குள் கிடந்தால் அதனால் பயன் இல்லை, அதற்கு மியன்மாரின் காவ் லான் ஒன் என்ற நெல்லில் வேறு ஒரு அலகு இருக்கிறது, தண்ணீருக்குள்ளேயே முளைக்கவைக்கும். உங்கள் வீட்டுக் கணக்கில் வெள்ளம் வந்த திகதியோடு விதைத்த திகதியும் இருந்தால் எடுத்துவையுங்கள்.

நாவற்குழியான்:

எல்லோருக்கும் நன்றி. அப்பாவைக் கூட்டிக்கொண்டு இன்று பின்னேரம் வயலுக்குப் போய், ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன்.

இரண்டு பருவத்திலும் பிடிக்கிறது. விதைத்து மூன்றாம் கிழமை மழை பத்து நாள் விட்டது, அப்போது வரம்போரம் வெள்ளையாக உப்புப் பூத்தது, இலை நுனி கடதாசி மாதிரி வெளுத்தது. பிறகு மழை தொடங்கியதும் பயிர் எழும்பிவிட்டது, அப்பா தப்பிவிட்டோம் என்று நினைத்தார். மார்கழிக் கடைசியில் மழை விட்டபோது பயிர் குடலைப் பருவம், கதிர் உள்ளே உருவாகி நின்றது. தை பிறக்கும்போது வயலில் தண்ணீர் இல்லை, நிலம் வெடிக்கத் தொடங்கியது, பூத்தது அந்த நேரத்தில்தான்.

இன்னொன்று, கடைசி வயலில் எல்லாமே சப்பி இல்லை. நடுவில் ஒரு பாய் விரித்த அளவு இடத்தில் பத்துப் பன்னிரண்டு பயிர் நன்றாக விளைந்து தலை சாய்ந்து நின்றதாம். அப்பா அதைத் தனியாக வெட்டி ஒரு சின்னச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறார், எனக்கு இன்றைக்குத்தான் சொன்னார்.

கண்ணாடிக்கூடம்:

அந்தச் சாக்கைத் தயவுசெய்து குற்றிவிடாதீர்கள்!

காரணத்தைச் சொல்கிறேன். மொட்டைக்கறுப்பன் போன்ற பழைய நெல், திணைக்களம் வெளியிடும் இனம் மாதிரி ஒரே அச்சில் வார்த்தது இல்லை. பரம்பரை பரம்பரையாக ஒவ்வொரு வீட்டிலும் எடுத்துவைத்த விதை, உள்ளுக்குள் நிறையப் பிறப்புரிமை வேறுபாடு இருக்கும். அப்பா வெட்டி வைத்த பன்னிரண்டு பயிரிலும் ஏதாவது தாங்கும் குணம் ஏற்கனவே இருக்கலாம். இல்லை, அந்த இடம் நாலு விரல் மேடாக இருந்திருக்கலாம், உவர் அங்கே குறைவாக இருந்திருக்கலாம், அப்படியும் நடக்கும், வயலில் உவர் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். பிரித்தறிய வழி இதுதான்: ஒவ்வொரு பயிரின் நெல்லையும் தனித்தனி உறையில் போட்டு, ஒவ்வொன்றிலும் கொஞ்சத்தை ரெஜிபோம் தட்டில் உப்புத் தண்ணீரில் வளர்த்துப் பார்ப்பது. அங்கேயும் பச்சையாக நின்றால் அது மேட்டால் வந்தது இல்லை. ஆனால் தட்டுச் சோதனை நாற்றுப் பருவத்துக்குத்தான், பூக்கிற பருவத்துக்குச் சட்டியில் வளர்த்துக் குடலையில் உப்பு ஏற்ற வேண்டும், அது நாலு மாத வேலை. இரண்டிலும் நின்றால், பொக்காளியில் இருக்கிற துண்டுதானா, வேறொன்றா என்று மார்க்கர் சொல்லும். வேறொன்றாக இருந்தால் அது பெரிய விஷயம்.

இதனாலேயே பிற்கலப்பு செய்யும்போதும் ஒரே ஒரு மொட்டைக்கறுப்பன் பயிரைத் தாயாக வைத்தால் பிழைத்துவிடும். வருகிற நெல் அந்த ஒரு பயிரின் பிரதியாக இருக்கும், மிச்ச வேறுபாடு முழுக்கப் போய்விடும். பல வீட்டு விதையில் இருந்து பல பயிர் எடுத்துச் செய்ய வேண்டும். வேலை கூடுதல், ஆனால் அம்மா ஆக்குகிற அரிசி அந்த எல்லாமும் சேர்ந்ததுதானே.

இரண்டு பருவத்திலும் பிடிக்கிறது என்பதால் சால்ற்றோல் மட்டும் போதாது. பூக்கும் பருவத்துத் தாங்குதிறன் ஒரு அலகில் நிற்பது இல்லை, பல சின்னச் சின்ன அலகுகள் சேர்ந்து வருவது, அதை மார்க்கரால் பிடிப்பதும் கடினம். இன்னொரு வழி வேரின் பக்கம் இருக்கிறது. வேர் எந்தக் கோணத்தில் இறங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் கியூசோர்-1 என்ற அலகை 2020-இல் ஜப்பானியர்கள் காட்டினார்கள், அது வேலை செய்யாத நெல்லின் வேர் மண்ணின் மேல்பரப்பிலேயே படரும், உவர் நெல்வயலில் அந்த நெல் கூட விளைந்தது. வறட்சிக்கு ஆழமான வேர் நல்லது என்றுதான் நாங்கள் படித்தோம், உவர் வயலில் அது தலைகீழ். ஆனால் உங்கள் வயல் தையில் வெடிக்கிறது என்கிறீர்கள், மேல் வேர் மட்டும் இருந்தால் அப்போது காயும். அதனால் உங்களுக்கு இது சரிவரும் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வயலுக்கு நல்லது அடுத்த வயலுக்குக் கெடுதலாகப் போகிற இடம் இது.

வருடம் கேட்டீர்கள். முதல் கலப்பு, மூன்று பிற்கலப்பு, பிறகு குணம் நிலைக்க இரண்டு தலைமுறை தன்மகரந்தம், ஆக ஆறு தலைமுறை. கூடத்தில் வருடத்துக்கு இரண்டு எடுத்தால் மூன்று வருடம், காலபோகத்துக்கு மட்டும் என்றால் ஆறு. பிறகு நாவற்குழியிலும் வேறு இடங்களிலும் இரண்டு மூன்று போகம் விதைத்துப் பார்க்க வேண்டும். ஐந்தில் இருந்து ஒன்பது வருடம் என்று மனதில் வையுங்கள். கேட்டுப் பார்க்க வேண்டிய இடங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம், அது கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிறது, அடுத்தது பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையம். கன்னொருவையில் தாவர மரபுவள நிலையம் இருக்கிறது, பழைய நெல்லினங்களின் விதையைக் குளிரில் வைத்திருப்பது அங்கேதான்.

உயர்தர உயிரியல்:

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். இந்த உரையாடலை நாளைக்குப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன், அதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கித் தாருங்கள். மார்க்கர் தெரிவு, மரபணு மாற்றம், கிறிஸ்பர் மூன்றையும் பிள்ளைகள் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். பெற்றோரும் அப்படித்தான், ஆய்வுகூடம் என்ற சொல்லைக் கேட்டாலே பயம்.

கண்ணாடிக்கூடம்:

அக்கா, பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள். மார்க்கர் தெரிவில் டீ.என்.ஏ.யை வாசிக்கிறோம், எழுதுவதில்லை. மரபணு மாற்றத்தில் வெளியில் இருந்து ஒரு வசனத்தைக் கொண்டுவந்து செருகுகிறோம், தங்க அரிசி என்கிறார்களே, அதில் சோளத்தின் அலகும் ஒரு மண் பற்றீரியாவின் அலகும் இருக்கின்றன. கிறிஸ்பரில் நெல்லின் சொந்த வசனத்துக்குள்ளேயே ஒரு இடத்தை வெட்டுகிறோம், ஒட்டும்போது ஓரிரண்டு எழுத்து விடுபடும் அல்லது கூடும், அந்த அலகு நின்றுவிடும். அதைக் கண்டுபிடித்த இரண்டு பெண்களுக்கு 2020-இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியா 2025 மே மாதம் இரண்டு கிறிஸ்பர் நெல்லை அறிவித்தது, அதில் ஒன்று வறட்சிக்கும் உவருக்கும், எம்.ரி.யு. 1010 என்ற இனத்தில் டீ.எஸ்.ரி. என்ற அலகை நிறுத்தியது. அந்த அலகு இலையின் நுண்துளைகளான இலைவாய்களைத் திறந்தே வைக்கப் பார்க்கும், அதை நிறுத்தினால் பயிர் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கும்.

எழுத்து விடுபடுவதை இயற்கையும் செய்யும் என்று சொன்னால் பயம் கொஞ்சம் தெளியலாம். காட்டு நெல் சிவப்புத்தான். வெள்ளை அரிசி பெரும்பாலும் எப்படி வந்தது என்றால், ஏழாவது நிறமூர்த்தத்தில் ஒரு அலகில் 14 எழுத்துத் தானாக விடுபட்டுவிட்டது, சிவப்பு நின்றுவிட்டது. வெள்ளை அரிசி விரும்பிய சனம் அந்த விதையை எடுத்து எடுத்து வைத்தார்கள். நாங்கள் யாழ்ப்பாணத்தில் அந்த 14 எழுத்து விடுபடாத அரிசியைத்தான் இன்றைக்கும் விரும்பிச் சாப்பிடுகிறோம்.

உரும்பிராய் வெங்காயம்:

நெல்லுக்கே இவ்வளவு கதைக்கிறீர்கள், சின்ன வெங்காயத்துக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லையா? கிணற்றுத் தண்ணீர் சவர் ஏறிய இடத்தில் நுனி கருகி நிற்கிறது.

கண்ணாடிக்கூடம்:

அண்ணா, மனம் நோகத்தான் பதில் எழுதுகிறேன். வெங்காயம் நெல்லைவிட உவருக்குப் பயந்தது, 1.2 டெசிசீமனிலேயே விளைச்சல் இறங்கும், பிறகு இறக்கமும் நெல்லைவிடச் செங்குத்து. நாங்கள் விதைக்காகக் குமிழையே நடுவதால் ஒவ்வொரு போகமும் அதே பயிரின் பிரதிதான், பூத்து, கலந்து, விதை எடுத்தால்தான் புதிதாக ஒன்று வரும். வெங்காயத்தின் டீ.என்.ஏ. நெல்லைப் போல நாற்பது மடங்கு பெரியது, வாசிப்பதே பெரும்பாடு. இப்போதைக்கு உங்கள் கிணற்றில் இறைக்கிற நேரத்தைக் குறைத்து, இடைவெளி விட்டு இறைத்துப் பாருங்கள். மேலே மிதக்கும் நன்னீரைத் தாண்டி இறைத்தால்தான் கீழே இருக்கிற சவர் ஏறி வரும்.

நாவற்குழியான்:

ஆசிரியை அக்கா எழுதியதற்குக் கிடைத்த பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 14 எழுத்துக் கதையை இரண்டுதரம் கேட்டார்.

அப்பாவும் நானும் முடிவு செய்துவிட்டோம். கடைசி வயல் ஒன்றில் வரம்புக்கட்டு ஐயா சொன்னபடி கழுவி நாற்று நடுவது, மற்றதில் பாதி ஏ.ரி. 354, பாதி எங்களுடையது. சாக்கில் இருந்த கதிரை எண்ணினோம், எந்தக் கதிர் எந்தப் பயிருடையது என்று பிரிக்க முடியவில்லை, எல்லாம் ஒன்றாகக் கட்டியிருந்தது. கதிர் கதிராகவே உறையில் போட்டால் பரவாயில்லையா? 41 கதிர் இருக்கிறது. மீட்டர் வாங்குவதென்றால் எது நல்லது, எவ்வளவு முடியும்?

கண்ணாடிக்கூடம்:

கதிர் கதிராகவே போடுங்கள், அது இன்னும் நல்லது. உறையில் பென்சிலால் எண் எழுதுங்கள், பேனை ஈரத்தில் அழிந்துவிடும். ஒவ்வொன்றிலும் பாதியை நீங்களே வையுங்கள், பாதியை நான் எடுத்துக்கொண்டு போய்த் தட்டில் போடுகிறேன்.

மீட்டர் இப்போது வாங்க வேண்டாம், என்னிடம் கையில் பிடிக்கிற மீட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. மேட்டில் ஒரு இடம், நடுவில் ஒன்று, அந்தப் பாய் அளவு இடத்தில் ஒன்று, மூன்றிலும் தடி நட்டு அடையாளம் வையுங்கள். விதைத்த நாளில் இருந்து கிழமைக்கு ஒருமுறை வயலில் நிற்கிற தண்ணீரில் பாருங்கள், தண்ணீர் வற்றிய பிறகு ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு மழைத் தண்ணீர் கலக்கித் தெளியவிட்டுப் பாருங்கள். கரைத்துப் பார்க்கிற எண் சின்னதாக வரும், ஐயா சொன்ன 3 டெசிசீமனோடு அதை நேரே ஒப்பிட வேண்டாம், பல மடங்கு பெருக்க வேண்டும், மண்ணைப் பார்த்து நான் சொல்கிறேன். சனிக்கிழமை சாவகச்சேரிச் சந்தைப் பக்கம் வருவேன், அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்தப் பன்னிரண்டு பயிரும் எப்படி நின்றது என்று அவர் வாயால் கேட்க வேண்டும்.